நகர வாழ்வும் இன்சுலின் உணர்திறனும்: மும்பையின் மூன்று பகுதிகள் தரும் பாடம்

ஒரு நாட்டின் வளர்ச்சியை மதிப்பிடும்போது வருமானம், உற்பத்தி, எழுத்தறிவு, சராசரி ஆயுள் ஆகிய அளவுகோல்களைக் கையாள்வது வழக்கம். ஆனால் கூடுதலாகக் கிடைத்த ஆண்டுகளை மக்கள் எத்தகைய உடல்நிலையில் கழிக்கின்றனர் என்பதும் வளர்ச்சியின் ஓர் அளவே ஆகும். தொற்று நோய்களைக் கட்டுப்படுத்துவதில் நாடு கண்ட முன்னேற்றத்திற்குப் பின், நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய் ஆகிய தொற்றா நோய்கள் நலத் துறையின் தலையாய கவலையாக வளர்ந்துள்ளன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 2008 முதல் 2020 வரை படிப்படியாக நடைபெற்று, 2023இல் முடிவுகள் வெளியான 'இந்தியாப்' ஆய்வு 1,13,043 பேரை உள்ளடக்கியது. வயது வந்தோரில் 11.4 சதவீதத்தினருக்கு நீரிழிவும், 15.3 சதவீதத்தினருக்கு அதற்கு முந்தைய நிலையும், 35.5 சதவீதத்தினருக்கு மிகை இரத்த அழுத்தமும் இருப்பதாக அது மதிப்பிட்டது. மக்கள் எண்ணிக்கையில் கூறுவதானால், நீரிழிவு உடையோர் சுமார் 10.1 கோடி, முந்தைய நிலையில் உள்ளோர் சுமார் 13.6 கோடி.

இவ்வளவு பெரிய எண்ணிக்கைகள் நிர்வாகிக்கு வழிகாட்டுவதைவிட மலைப்பைத் தருவதே மிகுதி. ஆதலின் பிரச்சினையைக் குறிப்பிட்ட ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்பது பயனுடையது. தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகள் இதற்கு ஏற்றவை. ஒரே மொழியும் பெரும்பாலும் ஒரே உணவு மரபும் உடையோர், வெவ்வேறு வருமானத்திலும் வீட்டு வசதியிலும் தொழிலிலும் அங்கு வாழ்கின்றனர். பழக்கங்களை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு எவருக்கு எவ்வளவு கிட்டுகிறது என்பதை இவ்வேறுபாடு தெளிவாக்குகிறது.

இரு குறைபாடுகள், ஒரே வேர்

இரத்தச் சர்க்கரையும் கொலஸ்டிராலும் தொடர்பற்ற இரு சிக்கல்கள் என்றே பலர் கருதுகின்றனர். முன்னது இனிப்பு உண்பதால் வருவது, பின்னது எண்ணெயும் நெய்யும் உண்பதால் வருவது என்பது பொதுவான எண்ணம். இதில் ஓரளவு உண்மை உண்டெனினும், இரண்டையும் இணைக்கும் கண்ணியை இது மறைத்துவிடுகிறது.

கணையத்தில் சுரக்கும் இன்சுலின், உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் குளுக்கோசை உயிரணுக்கள் ஏற்றுக்கொள்ளுமாறு செய்கிறது. இன்சுலினின் தூண்டுதலால் இவ்வாறு ஏற்கப்படும் குளுக்கோசில் மிகப் பெரும் பங்கு தசைகளையே சென்றடைகிறது. சிறிதளவு இன்சுலினுக்கே உடல் உரியவாறு செயற்படுமாயின், அதன் இன்சுலின் உணர்திறன் நன்றாக உள்ளது எனலாம். அதே பணிக்கு மிகுதியான இன்சுலின் தேவைப்படுமாயின் உணர்திறன் குன்றிவிட்டது என்பது பொருள். நீரிழிவு உடையோரிடையே இன்சுலினுக்கு இணங்குவோர், இணங்காதோர் என இரு வகையினர் உண்டென்பதை இங்கிலாந்தின் ஹரால்டு ஹிம்ஸ்வொர்த் 1936இலேயே எடுத்துக்காட்டினார்.

கொழுப்புத் திசுக்களில் சேமிப்பாக உள்ள கொழுப்பு வேண்டாத வேளையில் வெளியேறாமல் தடுப்பதும் இன்சுலினின் பணியே. உணர்திறன் குன்றும்போது இத்தடை தளர்கிறது. கொழுப்பு அமிலங்கள் மிகுதியாகக் கல்லீரலை அடைகின்றன. தேவைக்கு மேற்பட்ட மாவுச்சத்தையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. இவ்விரண்டின் விளைவாக இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு உயர்கிறது. காப்புத் தன்மையுடையதாகக் கருதப்படும் எச்.டி.எல். குறைகிறது, தீங்கு விளைவிக்கும் எல்.டி.எல். துகள்கள் சிறியனவாகவும் அடர்த்தியானவையாகவும் மாறுகின்றன. ஆதலால் மொத்தக் கொலஸ்டிரால் அளவு இயல்பாகத் தோன்றும் ஒருவரிடமும் இரத்தக் குழாய் அடைப்புக்கான சூழல் உருவாகியிருக்கக் கூடும். இக்குறைபாடுகள் ஒருங்கே காணப்படுவதை அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன் 1988இல் விரிவாக விளக்கி, அதற்கு 'சின்ட்ரோம் எக்ஸ்' என்று பெயரிட்டார்.

இந்தியரின் உடலமைப்பும் இடுப்பளவும்

பூனே கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த யாஜ்னிக், இலண்டனைச் சேர்ந்த யுட்கின் ஆகிய இரு மருத்துவ அறிஞர்கள் 2004இல் 'லான்செட்' இதழில் தம் இருவரின் உடல் அளவுகளையே ஒப்பிட்டுக் காட்டினர். உயரத்திற்கு ஏற்ற எடையைக் குறிக்கும் உடல் நிறைக் குறியீடு இருவருக்கும் 22.3. ஆனால் உடலில் கொழுப்பின் பங்கு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கோ 21.2 சதவீதம். பருமனாகத் தோன்றாத இந்தியரிடமும், குறிப்பாக வயிற்றுப் பகுதியில், கொழுப்பு மிகுந்திருக்கலாம் என்பதற்கு இது எளிய சான்றாயிற்று.

எனவேதான் இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009இல் வெளியிட்ட பரிந்துரையில் உடல் நிறைக் குறியீடு 23ஐ எட்டினாலே மிகை எடை என்றும், 25ஐ எட்டினால் பருமன் என்றும் வரையறுத்தனர். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது இடுப்பளவின் எல்லை. ஓர் அளவு நாடா இருந்தால் எந்தச் சுகாதார ஊழியரும் எந்தச் சந்திலும் இச்சோதனையைச் செய்யலாம் என்பது நிர்வாக நோக்கில் முக்கியமானது.

இந்தியாப் ஆய்வின் முதற் கட்டம் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகியவற்றில் நடைபெற்றது. 2011இல் வெளியான முடிவுகளின்படி நீரிழிவு தமிழ்நாட்டில் 10.4 சதவீதமாகவும் மகாராஷ்டிரத்தில் 8.4 சதவீதமாகவும் இருந்தது. அதே கட்டத்தின் கொழுப்பு அளவுகள் 2014இல் வெளிவந்தன. மொத்தக் கொலஸ்டிரால் மிகுந்தோர் 13.9 சதவீதமே, ட்ரைகிளிசரைடு மிகுந்தோர் 29.5 சதவீதம், எச்.டி.எல். குறைந்தோர் 72.3 சதவீதம். எண்ணெய் மிகுதி ஒன்றையே காரணமாகக் கொண்டு இவ்வடிவத்தை விளக்குவது கடினம். மாவுச்சத்து மிகுந்த உணவும் குன்றிய உணர்திறனும் சேர்ந்து இயங்குவதையே இது பெரிதும் ஒத்திருக்கிறது.

மூன்று பகுதிகள், மூன்று வாழ்க்கை முறைகள்

1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோயைத் தொடர்ந்து 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைந்தது. நெரிசல் மிகுந்த பழைய நகருக்கு வடக்கே அது வகுத்த தாதர் - மாட்டுங்கா குடியிருப்புத் திட்டத்தில் அகன்ற சாலைகளும் மரங்களும் பூங்காக்களும் இடம்பெற்றன. ரயில்வே, வங்கி, அரசு அலுவலகம், வணிக நிறுவனம் ஆகியவற்றில் எழுத்தராகவும் கணக்கராகவும் பணிபுரிய வந்த தென்னிந்தியர் மாட்டுங்காவில் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. நாற்பதுகளில் உடுப்பி உணவு விடுதிகள் வேரூன்றின. அமர்ந்து செய்யும் பணி, அரிசி உணவு, நடப்பதற்கேற்ற தெருக்கள் ஆகிய மூன்றும் இங்கு ஒருங்கே அமைந்தன.

செம்பூரின் வளர்ச்சி வேறு வகையானது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் அகதிகள் குடியமர்த்தப்பட்ட இப்பகுதியின் அருகே, டிராம்பேயில் 1954இல் அணுசக்தி நிலையம் தோன்றியது. அதே பத்தாண்டில் மாகுலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், அறுபதுகளில் உர ஆலையும் வந்தன. தொழில்நுட்பப் பணியாளரும், மாட்டுங்காவில் இடம் போதாத குடும்பங்களும் இங்கு வீடு அமைத்தனர். அலுவலகத்திற்கு நெடுந்தொலைவு பயணம் செய்வோரும், ஓய்வூதியம் பெறும் முதியோரும் இன்று இங்கு மிகுதி.

தாராவியின் வரலாறு உடலுழைப்பின் வரலாறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த தமிழர் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவை அமைத்தனர். தோல் பதனிடுதல் காலப்போக்கில் தாராவியை விட்டுப் பெரும்பாலும் வெளியேறியது. தையல், தோற்பொருள், மறுசுழற்சி, உணவுப் பண்டத் தொழில்கள் பெருகின. விடியுமுன் இட்லி அவித்து நகரெங்கும் விற்பனைக்கு அனுப்பும் குடும்பங்களும் இங்குண்டு. முன்னர்த் தோலைச் சுமந்த தலைமுறையின் பிள்ளைகள் பலர் இன்று மின்விசைத் தையல் இயந்திரத்தின் முன் பத்து மணி நேரத்திற்கு மேல் அமர்ந்துள்ளனர். உழைப்பின் நேரம் குறையவில்லை. உழைப்பில் தசைகளுக்கு உரிய பங்குதான் குறைந்துள்ளது. 'ஏழைக்கு இந்நோய் வாராது' என்ற பழைய எண்ணம் இங்கு பொருந்தாமற் போவதற்குக் காரணம் இதுவே.

மும்பை முழுமைக்கும் 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி நடைபெற்ற கணக்கெடுப்பில், 18 முதல் 69 வயதினரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மிகை இரத்த அழுத்தமும், ஐவரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோருக்கு நீரிழிவும் காணப்பட்டன. நகரின் சராசரி இவ்வாறிருக்க, எந்தப் பகுதியும் தன்னை விலக்காகக் கருத இயலாது.

உணவுத் தட்டின் கணக்கு

2025இல் வெளியான இந்தியாப் உணவு ஆய்வு, இந்தியரின் அன்றாட எரிசக்தியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து கிடைப்பதாகக் கண்டது. இதில் பெரும்பகுதி தீட்டிய அரிசி, அரைத்த மாவு, சர்க்கரை ஆகியவற்றைச் சார்ந்தது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட நெறிமுறைகளோ, தானியங்களிலிருந்து கிடைக்கும் எரிசக்தி 45 சதவீதத்தை மிஞ்சலாகாது எனப் பரிந்துரைக்கின்றன.

அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ உண்டால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. மொத்த மாவுச்சத்தின் அளவைக் குறைக்காமல் தானியத்தை மட்டும் மாற்றுவதால் நீரிழிவுக்கான வாய்ப்பு குறைவதாகத் தெரியவில்லை என்று மேற்கூறிய 2025 ஆய்வு கண்டது. மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதியை, அதாவது மொத்த எரிசக்தியில் 5 சதவீத அளவை, பருப்பு போன்ற தாவரப் புரதமாகவோ பால், தயிர் வழிப் புரதமாகவோ மாற்றியமைப்பதே குறைந்த வாய்ப்புடன் தொடர்புடையதாக இருந்தது. தமிழ்ச் சமையலுக்கு இது அயலான அறிவுரையன்று. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துப் பருப்பில் ஒரு கரண்டியைக் கூட்டுவது, மாலை வேளை வடை, பஜ்ஜிக்குப் பதில் சுண்டல், உணவின் இறுதியில் சர்க்கரை கலவாத மோர், காய்கறிப் பொரியலின் அளவை இரு மடங்காக்குவது ஆகியவை நம் அடுக்களைக்குள் அடங்குபவையே.

தேநீரின் கணக்கையும் காண்போம். மும்பைத் தொழிற்கூடங்களில் வழங்கும் 'கட்டிங்' தேநீர் அளவிற் சிறியது. ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை எனக் கொண்டால், நாளில் ஆறு முறை பருகுபவர் தேநீர் வழியாக மட்டும் சுமார் 25 முதல் 30 கிராம் சர்க்கரை உட்கொள்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2015இல் விரும்பத்தக்க எல்லையாகக் கூறியது, உணவில் சேர்க்கும் சர்க்கரை அனைத்தும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம்.

கொழுப்பின் தன்மையும் கருதத்தக்கது. வனஸ்பதியிலும், மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயிலும் உள்ள ட்ரான்ஸ் கொழுப்பு எல்.டி.எல்.லை உயர்த்தி எச்.டி.எல்.லைக் குறைக்கிறது. எண்ணெய், கொழுப்பு வகைகளில் இதன் அளவு 2022 சனவரி முதல் 2 சதவீதத்தை மிஞ்சலாகாது என உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரையறுத்தது. தனிமனிதரின் நாவடக்கத்தால் மட்டும் ஆகாததை ஓர் ஒழுங்குமுறை ஆணையால் செய்ய இயலும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

மாற்றம் பயன் தருமா?

பழக்க மாற்றத்தால் நீரிழிவைத் தள்ளிப்போடலாம் என்பதற்குச் சீனாவின் தாசிங் நகரிலும், பின்லாந்திலும், அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் சான்று தந்தன. அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடத்தி 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வில் உணவு, உடற்பயிற்சி மாற்றம் நீரிழிவு தோன்றுவதை 58 சதவீதம் குறைத்தது. மெட்ஃபார்மின் மருந்து 31 சதவீதம் குறைத்தது.

ஆனால் அங்கு பங்கேற்றோர் பெரும்பாலும் பருமனானவர்கள். எடைக் குறைப்பே அத்திட்டத்தின் மையம். ஒல்லியான உடலும் குன்றிய உணர்திறனும் உடைய இந்தியருக்கு அது பொருந்துமா என்ற கேள்விக்குச் சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் விடை தேடினர். 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் முந்தைய நிலையிலிருந்த 531 பேர் பங்கேற்றனர். மூன்றாண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் 55.0 சதவீதத்தினருக்கு நீரிழிவு தோன்றியது. பழக்க மாற்றம் மேற்கொண்டோரில் இது 39.3 சதவீதம், மருந்து பெற்றோரில் 40.5 சதவீதம், இரண்டும் பெற்றோரில் 39.5 சதவீதம். அதாவது ஆறு அல்லது ஏழு பேர் பழக்கங்களை மாற்றிக்கொண்டால், அவர்களில் ஒருவர் அம்மூன்றாண்டுக் காலத்தில் நோயினின்று காக்கப்படுகிறார்.

இவ்வாய்வில் இரு செய்திகள் மாணவர்கள் கருத்தூன்றிக் கற்க வேண்டியவை. முதலாவது, பழக்க மாற்றம் மேற்கொண்டோரின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாதபோதும் பயன் கிடைத்தது. எடைக் கருவியின் முள் அசையவில்லை என்பதற்காக முயற்சி வீண் என்று கொள்ளலாகாது. இரண்டாவது, கோரப்பட்டவை அரிய செயல்கள் அல்ல. நாள்தோறும் அரை மணி நேர விரைந்த நடை, தீட்டிய தானியத்தையும் கொழுப்பையும் குறைத்தல், சர்க்கரையைத் தவிர்த்தல், நார்ச்சத்தைக் கூட்டுதல் ஆகியவையே. ஏற்கெனவே தம் தொழிலில் உடலுழைப்பு உடையோர் அதைத் தொடருமாறு மட்டுமே கூறப்பட்டனர். ஒருவரை நோயினின்று காக்க ஆன செலவு பழக்க மாற்றத்திற்கு ரூ.47,341 என்றும், மருந்துக்கு ரூ.49,280 என்றும் 2007இல் மதிப்பிடப்பட்டது.

மறுபக்கத்தையும் நேர்மையுடன் கூற வேண்டும். கேரளத்தில் 1,007 பேரிடம் அண்டை அயலார் குழுக்கள் வாயிலாக நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், ஈராண்டுகளில் நீரிழிவு தோன்றியோர் 17.1 சதவீதத்திற்கு எதிராக 14.9 சதவீதம்; இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானதன்று. மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் கிடைத்த பயன், சமூக அளவில் விரியும்போது மெலிந்துவிடக் கூடும் என்பதே இதன் எச்சரிக்கை. திட்டம் தீட்டுவோர் இதை மறத்தலாகாது.

நடையின் பொருள்

தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் துணையின்றியே குளுக்கோசை ஏற்கும் வாயில் திறக்கிறது. ஒரு முறை செய்த உடற்பயிற்சியால் உயரும் உணர்திறன் ஒன்று அல்லது இரண்டு நாட்கள் வரை நீடிக்கும், பின்னர் மறையும். ஆகவே வாரத்திற்கு ஒருமுறை செய்யும் கடும் பயிற்சியைவிட, நாள்தோறும் செய்யும் மிதமான நடையே ஏற்றது.

1953இல் ஜெரி மாரிஸ் என்பவர் இலண்டன் பேருந்து ஊழியரிடையே நடத்திய ஆய்வு புகழ்பெற்றது. இரண்டடுக்குப் பேருந்துகளில் நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநரைவிட, அமர்ந்தே பணிபுரிந்த ஓட்டுநரிடையே இதயநோய் மிகுந்திருந்தது. 1937 முதல் இரண்டடுக்குப் பேருந்துகளைக் கண்ட மும்பைக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். செம்பூரிலிருந்து ரயிலேறிச் சென்று மேசை முன் அமரும் அலுவலரும், தாராவியின் தையற்காரரும் இவ்வகையில் ஓட்டுநரின் நிலையில் உள்ளவரே.

மாற்றத்திற்கும் ஒரு விலை உண்டு

அறிவுரை எல்லோருக்கும் ஒன்றே. அதைப் பின்பற்ற ஆகும் செலவு அவ்வாறன்று. மாட்டுங்காவின் ஓய்வுபெற்ற ஊழியருக்கு அரை மணி நடை என்பது ஐந்து பூங்காக்களைச் சுற்றி வருவது. தாராவியில் துண்டுக் கணக்கில் கூலி பெறுபவருக்கு அதே அரை மணி, தைக்காமல் விட்ட துணிகளின் கூலி. ஒற்றை அறையில் சமைத்து, உண்டு, உறங்கும் குடும்பத்தில் உடற்பயிற்சிக்கு இடமில்லை. சந்துகளில் இருவர் எதிரெதிரே கடப்பதே அரிது. நீரிழிவால் அடிக்கடி சிறுநீர் கழிக்கும் தேவை ஏற்பட்ட பெண், இரவில் பொதுக் கழிப்பிடத்திற்குச் செல்ல அஞ்சி நீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்ளும் நிலையும் நேர்கிறது. அவளிடம் மன உறுதி இல்லை என்று கூறுவது நியாயமாகாது.

உணவிலும் இதே நிலைதான். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், முன்னுரிமைக் குடும்பங்களில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம் 2023 சனவரி முதல் விலையின்றி வழங்கப்படுகிறது. பசியை நீக்குவதில் இதன் சிறப்பு ஐயத்திற்கு இடமற்றது. இது நாளொன்றுக்குச் சுமார் 167 கிராம். ஏறத்தாழ 580 கலோரி. பருப்பு, காய்கறி, பால், முட்டை ஆகியவற்றையோ அங்காடி விலையில் வாங்க வேண்டும். வருவாய் குறையும் மாதத்தில் சாம்பாரில் பருப்பு குறைகிறது, சோறு குறைவதில்லை. மலிவான கலோரி மாவுச்சத்திலும் எண்ணெயிலும், விலையுயர்ந்த கலோரி புரதத்திலும் காயிலும் இருக்கும் வரையில், குடும்பத் தலைவியின் தேர்வு அறியாமையால் நேர்வதன்று, விலைவாசியால் நேர்வது.

செம்பூரில் தடை வேறு வகையானது. அங்கு பணமும் அறிவும் உண்டு. பயணத்தில் கழியும் நேரமும் ஆலைப் பகுதியின் காற்றும் இடையூறு செய்கின்றன. ஆகவே மூன்று பகுதிகளுக்கும் ஒரே துண்டுப் பிரசுரத்தை அச்சிட்டு வழங்குவதால் பயன் குறைவு.

மருந்தின் இடம்

பழக்க மாற்றத்தை வலியுறுத்துவது மருந்தை மறுப்பதாகாது. பரம்பரையாக எல்.டி.எல். மிக உயர்ந்து காணப்படுவோருக்கும், ஏற்கெனவே இதயநோய் கண்டோருக்கும் உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது. மருத்துவர் தரும் ஸ்டாடின் வகை மருந்துகள் உயிர் காப்பவை. நீரிழிவு உடையோர் தாமாகவே மாத்திரையை நிறுத்துவது ஆபத்தானது. மேலும், மாத்திரை அல்லது இன்சுலின் பெறுவோர் உணவைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அளவு மீறித் தாழக் கூடுமாதலின், மருத்துவரைக் கலந்தே மாற்றம் செய்ய வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பது மறுசோதனையிலும் உறுதியானால் நீரிழிவு எனக் கொள்ளப்படும். ட்ரைகிளிசரைடு 150 மில்லிகிராமுக்குக் கீழும், எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கு மேலும், பெண்களுக்கு 50க்கு மேலும் இருப்பது விரும்பத்தக்கது.

நிர்வாகத்தின் பணிகள்

மேற்கூறியவற்றிலிருந்து அலுவலர்கள் கருத வேண்டிய சில பணிகள் தெளிவாகின்றன.

முதலாவது, நோயை முன்னரே கண்டறிதல். தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் கீழ் 30 வயதிற்கு மேற்பட்டோரைப் பரிசோதிக்கும் ஏற்பாடு உண்டு. ஆஷா ஊழியர் வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, குடும்ப வரலாறு ஆகியவற்றைக் கேட்டு மதிப்பெண் இடுகின்றனர். சென்னையில் உருவாகி 2005இல் வெளியான இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண்ணும் இதே நான்கு செய்திகளைக் கொண்டது. 60 அல்லது அதற்கு மேல் பெறுவோர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 2020இல் கொரோனா பரவியபோது தாராவியில் மாநகராட்சி வீடு வீடாகச் சென்று மக்களைப் பரிசோதித்தது. நெருக்கடி வேளையில் இயன்ற அம்முறை, இடுப்பளவையும் இரத்த அழுத்தத்தையும் அறிவதற்கு இயலாததன்று.

இரண்டாவது, பணி முடியும் நேரத்திற்கேற்ற சேவை. நாட்கூலியாளர் காலையில் மருத்துவமனை வரிசையில் நிற்பாராயின் அன்றைய கூலியை இழக்கிறார். மாலையிலும் திறந்திருக்கும் சிறு மருந்தகங்களை மாநகராட்சி 2022 முதல் நிறுவிவருவது வரவேற்கத்தக்கது. நாட்டின் மொத்த நலச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து செலவிடும் பங்கு 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22இல் 39.4 சதவீதமாகக் குறைந்துள்ளது. ஆயுள் முழுதும் மருந்து தேவைப்படும் நோயில், எஞ்சிய இப்பங்கும் குடும்பத்தைக் கடனில் ஆழ்த்த வல்லது.

மூன்றாவது, நியாயவிலைக் கடையின் வாயிலாகத் தானியத்தோடு பருப்பும் சென்றடைய வழி காண்பது. இதற்கான செலவை உணவு மானியமாக மட்டும் கணக்கிடாமல், தவிர்க்கப்படும் மருத்துவச் செலவோடு சேர்த்து எடை போட வேண்டும்.

நான்காவது, நடப்பதற்கான இடம். தாராவியை ஒட்டி, ஒரு காலத்தில் குப்பைமேடாக இருந்த சுமார் 37 ஏக்கர் நிலம் இயற்கைப் பூங்காவாக மாற்றப்பட்டு 1994இல் திறக்கப்பட்டது. தாராவி மறுசீரமைப்புத் திட்டம் நடைபெறும் இக்காலத்தில், குடியிருப்புகளின் எண்ணிக்கையோடு நடைபாதை, திறந்தவெளி, வீட்டுக்கு அருகிலேயே தொழிற்கூடம் ஆகியவற்றையும் நலத் துறை கேட்டுப் பெற வேண்டும். 1898க்குப் பின் வகுக்கப்பட்ட மாட்டுங்காவின் பூங்காக்கள் ஒரு நூற்றாண்டு கடந்தும் மக்களின் உடல்நலத்திற்கு உதவிவருவது, இத்தகைய முதலீட்டின் ஆயுளைக் காட்டுகிறது.

ஐந்தாவது, இடைவிடாத நினைவூட்டல். தொழிற்கூடங்களில் பணிபுரிந்த 537 ஆண்களிடம் நடத்தி 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கைப்பேசிக் குறுஞ்செய்திகள் பெற்றோரில் 18 சதவீதத்தினருக்கும், பெறாதோரில் 27 சதவீதத்தினருக்கும் ஈராண்டுகளில் நீரிழிவு தோன்றியது. குறைந்த செலவில் இயலும் இம்முறையை, அவரவர் தாய்மொழியில், பெண்களுக்கும் உரியவாறு அமைத்துச் சோதித்தல் வேண்டும்.

நிறைவாக

நோய்க்குத் தனிமனிதரின் பழக்கமே காரணம் என்று கூறும்போது, மாற்ற வேண்டிய பொறுப்பையும் அவரிடமே விட்டுவிடுவது எளிது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் அவ்வாதம் நிலைப்பதில்லை. இன்சுலின் உணர்திறனை மீட்கும் வழி மூவருக்கும் ஒன்றாயினும், அவ்வழியில் செல்ல வேண்டிய நேரமும் இடமும் பொருளும் சமமாக வழங்கப்படவில்லை. மாட்டுங்காவுக்கு ஒரு நகரத் திட்டம் நூறாண்டுக்கு முன் அளித்த வசதியைத் தாராவிக்கு இன்றைய திட்டம் அளிக்க வேண்டும். உணவுத் தட்டில் ஒரு கரண்டிப் பருப்பைக் கூட்டுவதும், நாளில் அரை மணி நேரம் நடப்பதும் குடும்பத்தின் கடமை. அவ்விரண்டும் அக்குடும்பத்தின் எட்டும் தொலைவில் இருக்குமாறு செய்வது அரசின் கடமை. இவ்விரு கடமைகளும் இணைந்து நிறைவேறும்போதே நீண்ட ஆயுள் என்பது நலமிக்க ஆயுளாகவும் அமையும்.